நூறு பங்கு நாய்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் குரூப்பில் வழக்கமான செய்தியைப் போட்டேன். “குறிஞ்சி கார்டன் குடியிருப்போர் கவனத்திற்கு: யார் அனுப்பினாலும், என்ன காரணம் சொன்னாலும், எந்த லிங்க்கையும் தொடாதீர்கள். இப்படிக்கு, சௌந்தரநாயகி, செயலாளர்.” வங்கியில் கடைசிப் பத்து வருடம் மோசடிப் புகார்களை வாங்கும் நாற்காலியில் இருந்தவள் நான். ஒரே தொடலில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சரவணம்பட்டிக்கு வந்து, இந்தக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஏழெட்டுப் பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். இரண்டாம் மாடி தண்டபாணி மட்டும் கொட்டாவி பொம்மை போட்டார். அவர் காரை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துகிறவர்.

பத்து மணி வாக்கில், கேட்டுக்கு வெளியே படுத்துக் கிடக்கும் செவலை நாயின் மேல் சாப்பாடு கொண்டுவந்த பைக் ஏறிவிட்டது. இவர் ஓடினார். இவர் என்றால் என் கணவர் நாச்சிமுத்து. நூல் வியாபாரத்தை விட்ட பிறகு ஓடும் அளவுக்கு இவருக்கு எந்த வேலையும் வந்ததில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார், கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் புதுப் பூந்துண்டில் சுற்றி.

“அம்மிணி, பின்னங்காலு ஒடிஞ்சு போச்சு.”

“அது என்ற துண்டுங்க.”

“காலுங்கறேன்.”

“நானும் துண்டுங்கறேன்.”

ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும் என்று நாய் டாக்டர் சொல்லிவிட்டாராம். சங்கப் பணத்தில் கொடுக்கலாமே என்றார் இவர். சங்க விதிகளில் மிருகம் என்ற சொல் ஒரே இடத்தில்தான் வருகிறது. அதுவும் விரட்டுவதற்கு.

ஜூன் 4, புதன்

மூன்றாம் மாடி ஜெனிட்டா, நாயின் ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்க, குரூப்பில் லிங்க் போட்டுவிட்டாள். என் செய்திக்குச் சரியாக அடியில்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் வேலை பார்ப்பது மூன்றே பேர் உள்ள ஒரு கம்பெனி. அவள், அவளுடன் படித்த இன்னொரு பெண், அந்தப் பெண்ணின் தம்பி. ஏதோ பிளாக்செயின் வேலை.

“ஆன்ட்டி, உக்காருங்க. பிளாக்செயின்னா ஆயிரம் கம்ப்யூட்டர்ல ஒரே கணக்கு ஓடும். ஒரு தடவ எழுதுனா யாரும் அழிக்க முடியாது. இத்தன நாளா அதுல ஒரு காரியம் பண்ணோணும்னா தனி ஆப் வேணும், தனி வெப்சைட் வேணும், நம்பரக் காப்பி பண்ணி காப்பி பண்ணிக் கை வலிச்சுப் போகும். நாங்க அத்தனையும் ஒரு லிங்க்குக்குள்ள அடைச்சுட்டோம். நீங்க தெனமும் பேசற குரூப்லயே ஒரு பெட்டி விரியும். படம் இருக்கும், பட்டன் இருக்கும். விரல வெச்சா முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது?”

“எல்லாமே, ஆன்ட்டி.”

“அதத்தான் கண்ணு நானும் பத்து வருஷமாச் சொல்லீட்டிருந்தேன்.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. லிங்க்குக்கு அடியில் எச்சரிக்கை போட்டுவிட்டு வந்தேன். மாலைக்குள் பாதிக் குடியிருப்பு தொட்டுவிட்டது. இந்தக் குடியிருப்பில் என் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு இவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்

தண்ணீர் மோட்டார் சரிசெய்தாயிற்று. யாரும் நன்றி சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நாய் இன்று திரும்பி வந்தது. ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இவருடைய பழைய ஈஸிசேரில் படுத்திருக்கிறது. காலில் கட்டு. கழுத்தில், நக்காமல் இருக்க, புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக். பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் மூன்று தடவை கீழே போய்ப் பார்த்தேன்.

இன்னொரு விஷயம் வெளியே வந்தது. ஜெனிட்டாவின் பெட்டியில் ‘நன்கொடை’ என்று இல்லை, ‘பங்கு’ என்று இருக்கிறது. தொட்டவர்கள் யாரும் நன்கொடையாளர்கள் இல்லை. உரிமையாளர்கள்.

“நன்கொடைன்னா நாளைக்குப் பாக்கலாம்னு விட்டுருவாங்க ஆன்ட்டி. பங்குன்னா தீந்துருமோன்னு பயந்து தொடுவாங்க. நாயில நூறு பங்கு. எல்லாம் தீந்துருச்சு.”

“நம்ம குடியிருப்புல அத்தன பேரு இல்லியே.”

“லிங்க்தானே. ஃபார்வேர்டு ஆயிருச்சு. மஸ்கட்ல ஒரு ஃபேமிலி குரூப்ல போயிருக்கு. மலேசியா ஈப்போல ஒரு பாட்டு டீச்சர் வாங்கியிருக்காங்க. பொள்ளாச்சியில நெறையப் பேரு.”

“மாத்தி எழுது.”

“முடியாது ஆன்ட்டி. அதுதான் இதோட விசேஷம்.”

ஜூன் 8, ஞாயிறு

உரிமையாளர்கள் வந்துவிட்டார்கள்.

காலையில் வாட்ச்மேன் ஆறுச்சாமி இன்டர்காமில் கூப்பிட்டு, “மேடம், பொள்ளாச்சில இருந்து ஒரு வேன் வந்திருக்குதுங்க. அவிங்க நாயப் பாக்கோணுமாம்” என்றான். வேனிலிருந்து ஒரு கூட்டுக் குடும்பமே இறங்கியது, இளநீர்க் குலையோடு. நாய் இளநீர் குடிக்காது என்றேன். அது எங்களுக்குங்க என்றார்கள்.

பிறகு கிணத்துக்கடவு ஆசாமி ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. நாயை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“ஏனுங்க, ஒரு பங்குன்னா எந்தப் பக்கமுங்க?”

“அப்படிப் பக்கம் எல்லாம் பிரிக்கறதில்லீங்க.”

“எடம் வாங்குனா அளந்து கல்லு நட்டுத் தருவாங்கல்லங்க. அதனால கேட்டேன்.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நாயின் இடது காதை மெதுவாகத் தடவினார். “இத வெச்சுக்கறனுங்க” என்றார். அதன் பிறகு வேறு யாராவது அந்தக் காதைத் தொட்டால் முறைத்தார்.

எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். நாய்க்காக அல்ல. சங்கத்தின் கௌரவத்துக்காக. இனி பார்வை நேரம் மாலை நான்கு முதல் ஐந்து வரை மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

நாய்க்குப் பெயர் வைக்க ஜெனிட்டா ஒரு லிங்க் விட்டாள். தொட்டால் பெட்டி விரியும், பெயரை எழுதலாம், பிறர் எழுதியதையும் ஆதரிக்கலாம். பங்குதாரர்களுக்கு மட்டும். எனக்கு அக்கறை இல்லை.

மாலையில் முடிவு வந்தது. நாயின் பெயர் ‘செயலாளர்’.

யார் முதலில் எழுதினார்கள் என்று ஜெனிட்டா சொல்ல மறுத்துவிட்டாள். சொல்லத் தேவையும் இல்லை. தண்டபாணி லிஃப்டில் என்னைப் பார்த்ததும் செருப்பைக் குனிந்து பார்த்தார். இறங்குகிறவரை நிமிரவில்லை.

“இத மாத்த முடியாதுன்னு மட்டும் சொல்லாத” என்றேன் ஜெனிட்டாவிடம்.

அவள் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூன் 12, வியாழன்

குரூப்பில் இன்று வந்தவை:

“செயலாளர் ஏ பிளாக் படியில் படுத்திருக்கிறார். யாரும் மிதித்துவிட வேண்டாம்.”

“செயலாளர் எங்கள் வீட்டுச் செருப்பைக் கொண்டுபோய்விட்டார். ஒற்றைச் செருப்பு. பாட்டா அளவு எட்டு.”

“செயலாளருக்குச் சிக்கன் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. நண்பர்கள் கவனிக்கவும்.”

ஈரோட்டிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். அவளும் ஒரு பங்கு வாங்கியிருக்கிறாளாம், பெயர் வைத்தது தெரியாதாம். “அண்ணி, உங்களுக்கு அடுத்த வாரம் தையல் பிரிக்கறாங்கன்னு மெசேஜ் வந்துது. ஆபரேஷன் பண்ணுனத எங்ககிட்டச் சொல்லவே இல்லியே” என்று அழுதாள். எனக்குத் தையலே இல்லை என்று அவளை நம்பவைப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

மத்தியானம் மீட்டர் பார்க்க வந்த மின்வாரியக்காரர் “செயலாளர் எங்கீங்க?” என்று கேட்டிருக்கிறார். ஆறுச்சாமி கையைக் காட்டியிருக்கிறான். அவர் போய் நின்று பார்த்துவிட்டு, கையெழுத்து யாரிடம் வாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

ஜெனிட்டா வீட்டுக்குப் போய், பங்குகளைப் போட்டு வைக்கும் ‘வாலட்’ என்ற பணப்பையை என் போனில் போட்டுக்கொண்டேன். வேவு பார்க்க மட்டும். எதிரியின் ஆயுதம் தெரிய வேண்டும் அல்லவா. திறந்ததும் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வந்தன. அவைதான் அதன் சாவியாம், எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், யாருக்கும், கணவருக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றாள். முதல் தடவையாக இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

பொள்ளாச்சிக் குடும்பத்தில் ஒருவர் பங்கை விற்கப் போட்டிருந்தார். பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒன்று வாங்கினேன். வேலை செய்கிறது.

ஜூன் 14, சனி

ஒரு தடவை வேலை செய்தால் போதுமா. இன்னொன்று வாங்கிப் பார்த்தேன்.

பிஸ்கட் டப்பா காலி. இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இவர் இந்த டைரியைப் படிக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். படித்தால் படிக்கட்டும். பிஸ்கட் நமுத்துப் போயிருந்தது, அதனால் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று செயலாளருக்கு (நாய்) தையல் பிரித்தார்கள். புனலைக் கழற்றியதும் என் கையை நக்கியது. டெட்டால் போட்டுக் கழுவினேன். உடனே அல்ல, கொஞ்ச நேரம் கழித்து.

மாலை நான்கு மணிக்கு ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்தது. இறங்கியவர் ரங்கதுரை, திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி. ஐம்பத்தைந்து வயது இருக்கும், கனத்த உடம்பு, மெல்லிய குரல். கையில் குழந்தை அளவு பனியன் ஒன்று. நாய்க்குப் போட்டுப் பார்த்தார். பொருந்தியது. செயலாளர் அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து காட்டவும் செய்தது. மானம் கெட்ட நாய்.

“எங்க கம்பெனி விளம்பரத்துக்குப் போடலாம்னு இருக்கறனுங்க. படம் எடுத்து டப்பா மேல போட்டா நல்லாருக்கும்” என்றார்.

“படம் எடுத்துட்டுப் போங்க.”

“நாயே அங்க இருந்தாத்தானுங்க தோது. ஏசி ரூம் ஒண்ணு ரெடி பண்ணிட்டேன். பங்கு ஒவ்வொண்ணா வாங்கீட்டே இருக்கறனுங்க. நாப்பத்தெட்டு வந்துருச்சு.”

லிங்க்கைத் தொட்டே நாற்பத்தெட்டு பேரிடம் வாங்கியிருக்கிறார். வீட்டை விட்டு நகராமல், காபி குடித்துக்கொண்டே. நாயைத் திருப்பூருக்கு மாற்றுவதா வேண்டாமா என்று வரும் ஞாயிறு ஓட்டெடுப்பு. அதற்கும் ஒரு லிங்க். பெட்டியில் இரண்டு பட்டன்: ‘போகட்டும்’, ‘இருக்கட்டும்’.

நல்லதுதான். கேட் சுத்தமாகும். செருப்புப் புகார் நிற்கும். குரூப்பில் ஒரே ஒரு செயலாளர் இருப்பார்.

இரவு இவர் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். வழக்கமாக ஐந்து. நானும் ஒன்றோடு எழுந்தேன். மாவு புளித்திருந்தது.

ஜூன் 18, புதன்

மாவு புளிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

இவர் காலையிலிருந்து குளியலறைக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். கடைசியில் வந்து எதிரில் நின்றார்.

“அம்மிணி, ஒரு தப்பு நடந்து போச்சு.”

“எத ஒடைச்சீங்க?”

“ஒடைக்கல. வித்துட்டேன்.”

இவரிடம் ஒரு பங்கு இருந்திருக்கிறது. முதல் நாளே வாங்கியதாம். ரங்கதுரை வாங்கிக்கொள்வதாக அனுப்பிய பெட்டி வந்திருக்கிறது. அதை மூடுவதற்காகக் கண்ட இடத்தில் அமுக்கி, போன் விரலை வை என்றதும் வைத்திருக்கிறார்.

“போனு கேட்டுதேன்னு வெச்சேன்” என்றார். கண் கலங்கியிருந்தது.

ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன். திரும்ப வாங்க முடியாது, ரங்கதுரை விற்றால்தான் உண்டு என்றாள். இப்போது அவரிடம் நாற்பத்தொன்பது. மீதி ஐம்பத்தொன்று நம் பக்கம், கவலை இல்லை என்றேன். அவள் நகத்தைக் கடித்தாள்.

“ஆன்ட்டி, விழுந்த ஓட்டுல எது அதிகமோ அதுதான் கணக்கு. ஓட்டுப் போடாதவங்க பங்கு சேராது.”

“எல்லாரையும் போட வெச்சர்லாம்.”

“இன்னொண்ணு. ரண்டு பக்கமும் சமமா வந்தா ‘போகட்டும்’னு எடுத்துக்கற மாதிரி எழுதிட்டேன். அவசரத்துல எழுதுனது. அத...”

“மாத்த முடியாது.”

“ஆமாங்க ஆன்ட்டி.”

அதாவது ஐம்பத்தொரு பங்கும் ‘இருக்கட்டும்’ பட்டனைத் தொட்டாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் செயலாளர் திருப்பூர். எனக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒரு ஓட்டெடுப்பு என்றால் எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும். அது ஜனநாயகம்.

ஜூன் 20, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் குரூப்பில் போட்டேன். ஊர்ப் பங்குதாரர்கள், வெளியூர்ப் பங்குதாரர்கள், எல்லா குரூப்பிலும். நான் எழுதியது இதுதான்: “அவசரம். செயலாளர் ஆபத்தில் இருக்கிறார். அவரைக் காப்பாற்றக் கீழே உள்ள லிங்க்கை உடனே தொட்டு விரல் ரேகை வைக்கவும். தாமதிக்க வேண்டாம். இப்படிக்கு, சௌந்தரநாயகி.”

ஒருவரும் தொடவில்லை.

ஆறரைக்குத் தண்டபாணி எழுதினார்: “மேடத்தின் போன் ஹேக் ஆகிவிட்டது. அவர் லிங்க் அனுப்பவே மாட்டார். யாரும் தொட வேண்டாம்.” அடியில் கும்பிடு பொம்மைகள். அதற்கும் அடியில், மோசடிச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று போன வருடம் நானே எழுதிய குறிப்பை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அவசரப்படுத்துவார்கள், தெரிந்தவர் ஆபத்தில் இருக்கிறார் என்பார்கள், லிங்க்கைத் தொடச் சொல்வார்கள். எல்லாம் பொருந்துகிறது.

ஏழு மணிக்கு என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் உருவாக்கிய குரூப். எட்டு மணிக்கு சைபர் கிரைமிலிருந்து ஒரு பெண் போலீஸ் போன் செய்து, உங்கள் எண்ணைப் பற்றி ஒன்பது புகார் வந்திருக்கிறது என்றார். அவ்வளவு பேர் புகார் கொடுக்கக் கற்றுக்கொண்டதில் ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவரிடமும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

ஜூன் 21, சனி

வீடு வீடாக ஏறினேன். இவரும் கூட வந்தார், சாட்சிக்கு.

முதல் வீட்டில் கதவைச் சங்கிலி போட்டே திறந்தார்கள். நர்மதா என்ற பெண், பள்ளிக்கூட டீச்சர். “நேர்ல வந்தாலும் யாராச்சும் மெரட்டி அனுப்பியிருக்கலாம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க” என்றாள். நான்தான் நான் என்று எப்படி நிரூபிப்பது. அப்போதுதான் அவள் பால்கனியில் தொட்டித் தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுத் துணியில் சொட்டுவது கண்ணில் பட்டது.

“போன மாசமே சொன்னேன். தொட்டிக்கு அடியில தட்டு வைக்கோணும்னு. காது கேக்காதா?”

சங்கிலி உடனே விழுந்தது. “மேடம்தான்” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். தொட்டாள்.

அதன் பிறகு எளிதாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்ததும் திட்டினேன். குப்பையைப் பிரிக்காதவர், லிஃப்டில் சைக்கிள் ஏற்றியவர், மொட்டை மாடியில் வடாம் போட்டுக் காக்காய்க் கூட்டம் வரவழைத்தவர். திட்டத் திட்டத் தொட்டார்கள். சிலர் சிரித்துக்கொண்டே தொட்டார்கள். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு வீடியோ கால். ஈப்போ பாட்டு டீச்சர் அஞ்சலிதேவி, “நீங்க அந்த சௌந்தரநாயகிதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்க ஊரு ஆளுங்க நீங்க நல்லாத் திட்டுவீங்கன்னு சொன்னாங்க. எங்க, திட்டுங்க பாப்போம்” என்றார். முன்பின் தெரியாத பெண்ணை எதற்குத் திட்டுவது. யோசித்து, “பாட்டு டீச்சர்ங்கறீங்க, பின்னாடி தம்பூராவ வெயில்ல சாத்தி வெச்சிருக்கீங்க, வெடிச்சுப் போகாதா?” என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் எடுத்து வைத்தார். பிறகு தொட்டார். மஸ்கட் குடும்பம் வரிசையாக நின்று திட்டு வாங்கிக்கொண்டது. கிணத்துக்கடவுக்காரரைத் திட்டவே வேண்டியிருக்கவில்லை. காது திருப்பூர் போகக் கூடாது என்று அவரே போன் செய்தார்.

எத்தனை பேரிடம் பேசினேன் என்று தெரியவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. இவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

மிச்சம் ஒரே ஒரு பங்கு. தண்டபாணி.

ஜூன் 22, ஞாயிறு

ஓட்டெடுப்பு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. பதினொன்றுக்குத் தண்டபாணி வீட்டு மணியை அடித்தேன். இவரைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

“வாங்க மேடம்” என்றார். சங்கிலி எல்லாம் போடவில்லை.

“உங்க கார் இப்பவும் கோட்டுக்கு வெளியதான் நிக்குது.”

“தெரியுமுங்க. நீங்கதான்னு எனக்கு நேத்தே தெரியும். மாடி மாடியாத் திட்டீட்டு வந்தது கேட்டுதே.”

“அப்பறம் ஏன் தொடல?”

அவர் டிவியை அணைத்தார். “மேடம், இந்தக் குடியிருப்புக்கு வந்து நாலு வருஷம் ஆச்சுங்க. நீங்க என்கிட்டப் பேசுனது எல்லாம் சர்க்குலர்தான். வீட்டுக்காரி ஊருக்குப் போயி ஆறு மாசமா நான் தனியா இருக்கறது உங்களுக்குத் தெரியுங்களா? அந்த நாயிதான் ராத்திரி என்ற கதவுகிட்டப் படுத்துக்கும். அதுக்கு உங்க பேர வெச்சது குசும்புதான், ஒத்துக்கறேன். ஆனா போயி ஓட்டுப் போடுன்னா போட மாட்டேன். நீங்களா உங்க வாயால ஒண்ணு சொல்லுங்க. சங்கத்துக்காக இல்ல, ஜனநாயகத்துக்காக இல்ல. அந்த நாயி இருக்கோணுமா வேண்டாமா உங்களுக்கு?”

நான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். செயலாளர் இவர் காலடியில் படுத்திருந்தது. இரண்டு பேருமே இந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இருக்கோணுங்க” என்றேன். “எனக்கு வேணும்.”

இதை எழுதும்போது ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அப்படிச் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்பதால் சொன்னேன். குரல் உடைந்தது நேற்றைய தொண்டைக் கட்டால்.

தண்டபாணி போனை எடுத்து, பெட்டியை விரித்து, எனக்குக் காட்டியே ‘இருக்கட்டும்’ பட்டனைத் தொட்டார். விரலை வைத்தார். பிறகு நான் கேட்காமலே கார் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

பன்னிரண்டு மணிக்கு முடிவு வந்தது. செயலாளர் தொடர்கிறார். குரூப்பில் என்னைத் திரும்பச் சேர்த்தார்கள். வாழ்த்துகள் வந்து குவிந்தன. எந்தச் செயலாளருக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 25, புதன்

காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் கிணுங்கியது. வாலட்டில் ஏதோ வந்திருந்தது. பயந்துபோய் ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன். அவள் கலைந்த தலையோடு ஓடி வந்து பார்த்தாள்.

“ஆன்ட்டி, ரங்கதுரை சார் அவர் பங்கு மொத்தத்தையும் உங்களுக்கு அனுப்பியிருக்காரு. காசு கேக்கல. சும்மா.”

தவறுதலாகத் தொட்டிருப்பார் என்று நினைத்தேன். இவரைப் போல ஒருவர் திருப்பூரிலும் இருக்கக் கூடாதா. நியாயம் நியாயம்தான், போன் செய்தேன்.

“தவறுதலா இல்லீங்க” என்றார் அந்த மெல்லிய குரலில். “நெனச்சுத்தான் தொட்டேன். நாயி அங்கதான் நல்லாருக்குது. நீங்க அத்தன பேரத் தேடிப் பேசுனீங்கன்னு கேள்விப்பட்டேன். நான் அத்தன பேருகிட்டப் பங்கு வாங்குனேன், ஒருத்தருகிட்டயும் ஒரு வார்த்த பேசல.”

“உங்க விளம்பரத்துக்கு?”

பின்னால் தையல் மெஷின்களின் சத்தம் கேட்டது.

“விளம்பரம் எல்லாம் இல்லீங்க. வீட்ல நாயி ஆகாது. எங்கம்மா இருக்கறப்பவும் ஆகாது, கல்யாணம் பண்ணுன பொறவும் ஆகாது. கம்பெனிக்குன்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ரூம் ரெடி பண்ணுனது நெசந்தானுங்க. கட்டில்கூடப் போட்டேன். எனக்கும் சேத்து.”

காரணம் வேறு, சொல்கிற காரணம் வேறு என்று ஒரு மனிதர் ஐம்பத்தைந்து வயது வரைக்கும் இருக்க முடியுமா என்று நினைத்தேன். பிறகு அதை நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஜெனிட்டாவிடம், லிங்க் அனுப்புவது எப்படி என்று கேட்டேன். பெறுவது அல்ல, அனுப்புவது. அவள் காட்டினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் பங்குகளில் ஒன்றை எடுத்து, ஒரு பெட்டிக்குள் வைத்து, ரங்கதுரையின் எண்ணுக்கு அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் அனுப்பிய இரண்டாவது லிங்க். முதல் லிங்க்குக்கு என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். இதை அவர் உடனே தொட்டார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு அவரே கூப்பிட்டார்.

“ஒரு பங்கு இருக்குதுங்க எனக்கு” என்றார்.

“இருக்குதுங்க.”

“அப்ப நான் வந்து பாக்கலாமுங்களா? பார்வை நேரம் நாலுல இருந்து அஞ்சுன்னு போட்டிருந்தீங்க. திருப்பூர்ல ஷிப்ட் முடிச்சு வர்றதுக்குள்ள அஞ்சரை ஆயிருமுங்க.”

“உங்க நாயப் பாக்க என்னங்க நேரம்” என்றேன். “எப்ப முடியுதோ அப்ப வாங்க.”

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டேன். தொட்டி நிறைந்துதான் இருந்தது.